ஒரு கன்வஸில் இரண்டு பொருள்: நோர்ஸ் புராண ஓவியங்களை இசை அல்பங்களின் அட்டைக்கு விற்பது பற்றி

திருகோணமலையைச் சேர்ந்த இளம் ஓவியர் ஒருவரின் கேள்விக்கு இது பதில். கோயில் திரைச்சீலைகள் எழுதியும் சுவாமி வாகனங்களுக்கு வர்ணம் தீட்டியும் பழகியவர் அவர். கடந்த ஓராண்டில், பழைய ஸ்கண்டிநேவியாவின் நோர்ஸ் புராணக் கதைகளை வைத்து நான்கு கன்வஸ் ஓவியங்களை வரைந்திருக்கிறார்: எட்டுக் கால் குதிரையில் தெய்வங்களின் தலைவன் ஓடின், சுத்தியலோடு இடித்தேவன் தோர், உலகத்தைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு, பாதாளத்து அரசி ஹெல். இவற்றை, மெட்டல் என்ற உரத்த ரொக் இசையை வாசிக்கும் ஐரோப்பியக் குழுக்களுக்கு அல்பங்களின் அட்டைப் படங்களாக விற்க முடியுமா, முடியுமென்றால் யாரிடம், என்ன விலைக்கு, எப்படி அனுப்புவது என்பதே அவருடைய கேள்வி. நான்கின் புகைப்படங்களையும் அனுப்பியிருப்பதால், பொதுவாகச் சொல்லாமல் அவற்றை வைத்தே சொல்கிறேன்.

முடியும், தம்பி. திருகோணமலை உவர்மலையில் ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு நானும் இதைத்தான் செய்துவருகிறேன். வாங்குபவருக்கு நீங்கள் எந்த ஊர் என்பது ஒரு பொருட்டே அல்ல. படம் அவருடைய பாடலுக்குப் பொருந்துகிறதா, அதே படம் வேறொரு குழுவின் அட்டையிலும் வந்துவிடாதா என்ற இரண்டைத்தான் அவர் பார்ப்பார். ஆனால் விலை பேசுவதற்கு முன் ஒன்றை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கன்வஸில் விற்பதற்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, சுவரில் மாட்டக்கூடிய துணியும் வர்ணமும். மற்றது, அந்தப் படத்தை அச்சிட்டு வெளியிடும் உரிமை. கோயில் வேலையில் இந்த இரண்டும் ஒன்றாகவே கைமாறிவிடுகின்றன. திரைச்சீலையைக் கொடுத்துக் கூலியை வாங்கியபின் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு இசைக்குழுக்களிடம் போனால் இரண்டையும் ஒன்றின் விலைக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

நான் அப்படிக் கொடுத்துவிட்டு வந்தவன். ஓர் ஓநாயை வரைந்த என் முதல் ஓவியத்தை ஐரோப்பியக் குழு ஒன்று வாங்கியபோது, நான்கைந்து மின்னஞ்சல்களைத் தவிர எங்களுக்கிடையே வேறு எழுத்து எதுவும் இல்லை. காசும் ஒழுங்காக வந்தது. அடுத்த ஆண்டு அதே ஓநாய் அவர்களுடைய ரீசேட்டிலும் கொடியிலும் சுவரொட்டியிலும் வந்திருந்தது. கேட்டபோது, படத்தை வாங்கிவிட்டோமே என்று மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் இன்றுவரை சொல்லமாட்டேன். எழுதிக் கேட்க வேண்டியதை எழுதாமல் விட்டவன் நான்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓவியத்தை வரைந்து முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. அதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஆயுட்காலத்துக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். ஆனால் அதே சட்டத்தில் ஓவியர்கள் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் வரைந்து கொடுத்த ஆக்கத்தின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கேட்டவரையே சேரும். அதாவது, ‘எங்களுக்கு ஒரு ஃபென்ரிர் ஓநாய் வரைந்து தாருங்கள்’ என்று குழு கேட்டு நீங்கள் வரைவதற்கும், ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் ஓநாயை அவர்கள் பார்த்து விரும்புவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உங்களிடம் இருக்கும் நான்கும் யாரும் கேட்காமல் வரையப்பட்டவை. எனவே நல்ல நிலையில்தான் தொடங்குகிறீர்கள்.

கன்வஸை வைத்திருப்பதன் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். லெட் செப்பெலின் குழுவின் 1969 ஆம் ஆண்டு முதல் அல்பத்தின் அட்டையில், எரிந்து விழும் ஆகாயக் கப்பலை வரைந்தவர் ஜோர்ஜ் ஹார்டி. அதற்காக அவருக்குக் கிடைத்த கூலி 60 பவுண்ட். மூலப்படம் 2020 இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3,25,000 டொலருக்கு விலைபோனது. உங்கள் ஓவியத்துக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அட்டை புகழ்பெற்றால் மூலத்தின் மதிப்பு ஏறும் என்பதையும், அந்த ஏற்றம் அன்றைக்கு மூலம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும் என்பதையும் மட்டுமே சொல்கிறேன். அமெரிக்க ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா மூலங்களைத் தம் வசமே வைத்துக்கொள்வதில் பிடிவாதமாக இருந்தவர். 1973 இல் அவர் வரைந்த கறுப்புக் குதிரைவீரன் ஓவியம் ஐந்து ஆண்டுகள் கழித்து மொலி ஹட்செட் என்ற குழுவின் முதல் அல்பத்துக்கு அட்டையானது. படம் முதலில், பாடல் பின்னர் என்ற ஒழுங்கு புதியதல்ல.

இனி உங்களுக்கு யார் போட்டி என்று பாருங்கள். மற்ற ஓவியர்கள் என்று நினைப்பீர்கள். உண்மையான போட்டியாளர் 1892 இல் இறந்துபோன ஒரு நோர்வேக்காரர். பீட்டர் நிக்கொலாய் ஆர்போ 1872 இல் வரைந்த, வானத்தில் குதிரைகளும் வீரர்களும் கூட்டமாகப் பாயும் ‘ஓஸ்கோர்ஸ்ரையன்’ ஓவியம் ஒஸ்லோவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவீடனின் பதோரி குழு 1988 இல் அதைத் தன் அல்பத்துக்கு அட்டையாக்கியது. 1990 இல் வந்த அடுத்த அல்பத்துக்கு, ஆங்கில ஓவியர் ஃபிராங்க் டிக்சீ 1893 இல் வரைந்த, வைக்கிங் என்ற பழைய வடநாட்டுக் கடலோடி வீரர்களின் ஈமச்சடங்கு ஓவியத்தை எடுத்துக்கொண்டது. வைக்கிங் மெட்டல் என்று பின்னர் பெயர்பெற்ற இசையின் முகமே அந்த இரண்டு அட்டைகளில்தான் உருவானது எனலாம். இந்தப் பழைய ஓவியங்களின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்று எந்தக் குழுவும் ஒரு சதமும் கொடுக்காமல் அவற்றைப் பயன்படுத்தலாம். இலவசமாகக் கிடைக்கும் ஆர்போவை விட்டுவிட்டு உங்களுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஆர்போவை எல்லாரும் எடுக்கலாம் என்பதனால்தான். உங்கள் படம் தங்களுடைய அட்டையில் மட்டுமே வரும் என்ற உறுதியைத்தான் அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். ஆகவே அட்டைக்குக் கொடுத்த படத்தை எக்காரணம் கொண்டும் இன்னொரு குழுவின் அட்டைக்குக் கொடுக்காதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தது தெரியவந்தால் அந்தச் சிறிய வட்டாரத்தில் உங்கள் பெயர் முடிந்துவிடும்.

தனித்த படம் என்றால் கதையை மூலத்தில் படித்திருக்க வேண்டும். மற்றவர்களுடைய அட்டைகளைப் பார்த்து வரைந்தால் அந்த அட்டைகளின் நகல்தான் கிடைக்கும். இந்தக் கதைகளுக்கு முதன்மையான மூலங்கள் இரண்டு. ஒன்று, ஏறத்தாழ 1270 இல் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட கோடெக்ஸ் ரெஜியஸ் என்ற தோல் ஏட்டில் கிடைத்த பழம்பாடல்கள். டென்மார்க் அந்த ஏட்டை 1971 இல்தான் ஐஸ்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது. மற்றது, அதற்கு அரை நூற்றாண்டு முன்பு ஸ்நோரி ஸ்டுர்லூசன் தொகுத்த ‘உரைநடை எட்டா’ என்ற நூல். இரண்டுக்கும் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. ஒரு மாதம் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இவற்றைப் படித்தாலும் நட்டமில்லை.

உங்கள் ஓடினுக்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டிருக்கிறீர்கள். வைக்கிங்குகள் போரில் கொம்புக் கவசம் அணிந்ததற்குச் சான்று இல்லை. அது 1876 இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை அமைத்த டோப்ளர் என்பவரால் பரவிய கற்பனை. நோர்வேயின் யெர்முண்ட்பூ என்ற இடத்தில் 1943 இல் கிடைத்த கவசத்தைப் பாருங்கள்: வட்டமான இரும்புக் குல்லா, கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி போல ஒரு காப்பு, கொம்பு இல்லை. நோர்வேயில் ஒரு குழு உங்கள் படத்தைத் திறந்தவுடன் கொம்பைப் பார்த்தே மூடிவிடும். ஓடினுடைய ஒற்றைக்கண்ணைச் சரியாகவே வரைந்திருக்கிறீர்கள். இழந்தது எந்தக் கண் என்று பழைய நூல்களில் சொல்லப்படவில்லையாதலால் அது உங்கள் விருப்பம். குதிரையை வெள்ளையாக்கியிருக்கிறீர்கள், ஆனால் ஸ்லெய்ப்னிர் சாம்பல் நிறம். எட்டுக் கால்கள் உடம்போடு சேரும் இடம் மிக நன்றாக வந்திருக்கிறது. பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள். முன்னங்கால்கள் நான்கும் ஒரே தோளில் முளைத்ததுபோல வரைந்துவிடுவார்கள். குதிரை வாகனத்தின் மரத் தோளைத் தொட்டுத் தொட்டு வர்ணம் பூசிய கைக்கு அந்தத் தசையின் கணக்கு தெரிந்திருக்கிறது.

தோரின் பொன்னிற முடியையும் இறக்கை வைத்த கவசத்தையும் உடனே மாற்றுங்கள். அது 1962 இல் தொடங்கிய அமெரிக்கச் சித்திரக் கதையின் தோர். புராணத்துத் தோர் எல்லாருக்கும் பொது. அந்த உடையும் உருவமும் ஒரு கம்பனியின் சொத்து. பழைய கதைகளில் அவருக்குச் செந்தாடி. சுத்தியலின் பிடி குட்டையானது: குள்ளர்கள் அதை வார்த்துக்கொண்டிருந்தபோது சூழ்ச்சிக்காரனான லோகி ஈயாக வந்து துருத்தி ஊதியவனைக் கடித்ததால் பிடி குறுகிப்போனது என்பது கதை. நீங்கள் தார் போடும் வேலைக்காரர் தூக்கும் சம்மட்டி போல நீளப் பிடி வரைந்திருக்கிறீர்கள்.

பாம்புக்கு வருகிறேன். யோர்முங்காண்டுக்கு நீங்கள் படம் விரித்திருக்கிறீர்கள். நம் கையே அப்படித்தான். பாம்பு என்றாலே ஆதிசேடனும் நாகதம்பிரானும் தூரிகையில் வந்து இறங்கிவிடுவார்கள். வடக்கு ஐரோப்பாவில் நாகம் இல்லை. அங்கு பாறைகளிலும் கற்களிலும் செதுக்கப்பட்ட பாம்பு, நாடா போல ஒரே அகலத்தில் ஓடித் தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, தன் வாலையோ இன்னொன்றின் கழுத்தையோ கவ்விக்கொண்டு கிடக்கும். பதினோராம் நூற்றாண்டில் ரூன் என்ற பழைய வடநாட்டு எழுத்துகள் பொறித்த கற்களில் உர்னெஸ் பாணி என்று சொல்லப்படும் மெல்லிய பாம்புக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் அந்தக் கோட்டின் போக்கை அவர் உங்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்.

இந்தப் பாம்பை வைத்தே இன்னொரு ஓவியத்தை நீங்கள் வரைய வேண்டும் என்பது என் ஆசை. தோர் மீன்பிடிக்கப் போன கதை. ஹைமிர் என்ற அரக்கனோடு தோர் வள்ளத்தில் போகிறார். இரை வேண்டுமென்றால் நீயே தேடிக்கொள் என்கிறான் ஹைமிர். தோர் அவனுடைய மந்தையில் பெரிய எருதின் தலையைத் திருகி எடுத்துக்கொண்டு வருகிறார். வழக்கமாகத் தூண்டில் போடும் இடம் வந்ததும் ஹைமிர் நிறுத்தச் சொல்கிறான். தோர் இன்னும் வலிக்கிறார். அதற்கு மேல் போனால் பாம்பு கிடக்கிறது என்று அவன் அஞ்சுகிறான். எருதுத் தலையைக் கொளுவிய தூண்டிலைப் பாம்பு விழுங்கி இழுத்த இழுப்பில் தோரின் இரண்டு கைமுட்டிகளும் வள்ளத்தின் விளிம்பில் மோதுகின்றன. அவர் ஊன்றிய ஊன்றில் கால்கள் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு கடலடியில் போய் நிற்கின்றன. பாம்பின் தலை மேலே வந்து இருவரும் கண்ணோடு கண் பார்க்கும் கணத்தில், சுத்தியல் ஓங்கியிருக்கும்போதே, வெளிறிப்போன ஹைமிர் கத்தியை எடுத்துத் தூண்டில் கயிற்றை அறுத்துவிடுகிறான். சுவீடனில் அல்டுனா என்ற ஊரில் இருக்கும் கல்லில் இந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. வள்ளத்தின் அடியால் கால் வெளியே வந்திருப்பதுகூடத் தெளிவாகத் தெரியும்.

இந்தக் காட்சியை வரைந்தவர்களில் பெரும்பாலோர் தூண்டில் பிடித்த கையைப் பார்க்காதவர்கள். நீங்கள் திருக்கடலூர்க் கரைக்கு நடந்தே போகலாம். விடியற்காலையில் வள்ளம் ஏறும் நேரம் போய், கைத்தூண்டில் போடும் ஒருவருடைய வலது ஆட்காட்டி விரலைப் பாருங்கள்: இரண்டாம் மூட்டின் மேல் தங்கூசி (தூண்டில் நைலோன் இழை) ஓடி ஓடி அறுத்த வெள்ளைத் தழும்பு இருக்கும், ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல. பெரிய சுறா இழுக்கும்போது ஒருவர் கையால் மட்டும் இழுப்பதில்லை. முழங்கால் விளிம்பில் முட்டுக்கொடுக்கும், இடுப்பு பின்னால் சரியும், தலை எதிர்ப்பக்கம் திரும்பும். ஹைமிரின் முகத்துக்குச் சம்மாட்டியார் ஒருவருடைய முகத்தைப் பாருங்கள். வள்ளமும் வலையும் போய்விடுமோ என்ற கவலையும் உயிரச்சமும் கலந்த முகம் அது. அந்த விரலும் அந்த முழங்காலும் உங்கள் படத்தில் இருந்தால், ஆர்போவிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று நோர்வேயின் பேர்கனில் இருப்பவருக்கும் தெரியும்.

கடல் பற்றி இன்னொன்று. ரக்னரோக் என்ற இறுதிப் போரின்போது யோர்முங்காண்ட் கரைக்கு ஏறுவதால் கடல் நிலத்தின் மேல் பாய்கிறது. அதை வரைபவர்கள் எல்லோரும் சுருண்டு நுரை தள்ளும் அலையை வரைகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட இந்தக் கரையில், அது அப்படி வரவில்லை என்பதைக் கேட்டு வளர்ந்திருப்பீர்கள்: சுருளாமல், மட்டம் உயர்வதுபோல, கறுத்த தண்ணீர் நிற்காமல் ஏறிக்கொண்டே வந்தது. வரைவதா வேண்டாமா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. நான் வரையவில்லை.

பனியைத் தவிர்ப்பதும் நல்லது. தாழ்ந்த சூரியனில் பனியின் நிழல் நீலமாக விழும் விதத்தைக் கண்ணால் காணாமல் வரைந்தால் அது பஞ்சு போலவே இருக்கும். உங்கள் ஓடினின் பின்னணி மலை அப்படித்தான் இருக்கிறது. கடல், இரவு, பாதாளம் ஆகியவற்றில் நில்லுங்கள். பாதி உடம்பு கருநீலமாகவும் பாதி தசை நிறமாகவும் இருக்கும் ஹெல்தான் நான்கிலும் சிறந்தது. அவளைத் தொடவேண்டாம்.

தொட வேண்டியது அவள் சிம்மாசனத்தின் விளிம்பிலுள்ள கரையை. அங்கே வரிசையாகச் சுவஸ்திகம் எழுதியிருக்கிறீர்கள். நமக்கு அது கோயில் வாசலில் இருக்கும் மங்கலக் குறி. பழைய ஸ்கண்டிநேவியக் கற்களிலும் அது உண்டு என்பதும் உண்மை. ஆனால் ஜெர்மனியின் குற்றவியல் கோவையின் 86அ பிரிவு நாஜிக் குறிகளைப் பொதுவில் காட்டுவதைத் தடைசெய்கிறது. மெட்டல் இசைத்தட்டுகளுக்கு ஜெர்மனி பெரிய சந்தை. அந்த அட்டையை எந்தக் கடையும் வைக்காது. எஸ்எஸ் என்ற நாஜிப் படையின் குறியான, இரட்டை மின்னல் போன்ற ரூன் எழுத்தும் அப்படியே. ரூன் எழுத்துகளை அழகுக்காக எழுதாதீர்கள். எழுதினால் ஒவ்வோர் எழுத்தின் பொருளையும் பிற்கால வரலாற்றையும் தேடிப் பார்த்து எழுதுங்கள். வாங்க வரும் குழுவையும் அதேபோல் தேடிப் பாருங்கள். இந்த இசையின் ஓரங்களில் இனவெறி பேசும் குழுக்கள் சில இருக்கின்றன. நம் பெயர் அவர்களுடைய அட்டையின் பின்புறத்தில் வருவதற்கு எந்தக் காசும் ஈடாகாது என்பது என் முடிவு; நீங்களும் முன்பே ஒரு முடிவு எடுத்து வைத்திருங்கள்.

அட்டையின் அளவுக்கு வருவோம். அல்ப அட்டை சதுரம். உங்கள் நான்கில் ஹெல் மட்டும் சதுரக் கன்வஸ். மற்ற மூன்றும் கோயில் திரை போல உயர்ந்து நிற்பதால், சதுரமாக வெட்டினால் ஓடினுக்கு வேல் போய்விடும், குதிரைக்குக் குளம்பு போய்விடும். இனி 60 சென்றிமீற்றர் சதுரத்தில் வரையுங்கள். பெரிய இசைத்தட்டின் உறை ஏறத்தாழ 31.5 சென்றிமீற்றர், அச்சகத்தார் வெட்டுவதற்கு ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீற்றர் விடச்சொல்வார்கள், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் உங்கள் கோப்பு ஒரு பக்கம் குறைந்தது 3,800 பிக்சலாவது இருக்க வேண்டும். மேற்பகுதியில் குழுவின் பெயருக்கு இடம் விடுங்கள். பிளாக் மெட்டல் குழுக்களின் பெயர் எழுத்து, முள்வேலியைச் சுருட்டி வைத்தது போல அகலமாக இருக்கும், அதற்கு அமைதியான இருட்டு வேண்டும். எல்லாம் முடிந்தபின் படத்தைத் தொலைபேசியில் தபால் முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இன்று பெரும்பாலானோர் அட்டையை முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். உங்கள் பாம்பு அந்த அளவில் ஒரு கரிய குழம்பாகிவிடுகிறது, ஹெல் தெரிகிறாள்.

புகைப்படம் எடுப்பது பாதி வேலை. வார்னிஷ் பூசுவதற்கு முன்பே எடுங்கள். பூசியபின் கறுப்புப் பகுதிகளில் எல்லாம் வெளிச்சம் மினுங்கும். வீட்டுக்குள் என்றால் இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில் வையுங்கள். வெளியே என்றால் முகில் மூடிய காலை. நல்ல கடும் நீலம் திரையில் ஒளிர்வதுபோல அச்சில் ஒளிராது; நான்கு மையில் அது மங்கி ஊதாப் பக்கம் சாயும். அதை முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

யாரிடம் விற்பது என்ற கேள்விக்கு விடை, பெரிய குழுக்களிடம் அல்ல என்பதே. அவர்களுக்கு நிரந்தர ஓவியர்கள் உண்டு. 300 அல்லது 500 இசைத்தட்டு அடிக்கும் சிறிய குழுக்களும், அவர்களை வெளியிடும் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு நிறுவனங்களுமே உங்கள் வாடிக்கையாளர்கள். குழுக்கள் தங்கள் இசையை விற்கும் பாண்ட்கேம்ப் இணையதளத்தில் வைக்கிங் மெட்டல், நோர்டிக் நாட்டார் இசை என்று தேடினால் அவர்கள் நூற்றுக்கணக்கில் கிடைப்பார்கள். பாடல்களைக் கேளுங்கள். கேட்காமல் எழுதிய கடிதம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பாடல் பதிவு நடக்கும் காலத்தில் எழுதினால்தான் பயன். அல்பம் அறிவிக்கப்பட்டபின் எழுதினால் அட்டை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். மின்னஞ்சல் ஆறு ஏழு வரிக்கு மேல் வேண்டாம்: நீங்கள் யார், எந்தப் பாடலைக் கேட்டு இந்தப் படம் பொருந்தும் என நினைத்தீர்கள், சிறிய அளவுப் படம் ஒன்று, மூலமும் அட்டை உரிமையும் தனித்தனியாகக் கிடைக்கும் என்ற குறிப்பு. இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, இது கையால் வரைந்ததா, செயற்கை நுண்ணறிவு போட்டதா என்பது. பென்சில் கோட்டிலிருந்து முடிவுவரை நாலைந்து நிலைகளில் படம் எடுத்து வையுங்கள். கன்வஸின் பின்புறத்தையும் ஆணிகளோடு எடுத்து அனுப்புங்கள்.

விலையைப் பற்றி ஒரு தொகை சொல்லமாட்டேன். கன்வஸுக்குத் துணி, வர்ணம், மரச்சட்டம், நீங்கள் செலவிட்ட நாட்கள் என்று கணக்கிடுங்கள். உரிமைக்கோ அவர்கள் எவ்வளவு அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 300 அடிப்பவரிடமும் 5,000 அடிப்பவரிடமும் ஒரே தொகை கேட்பது இருவருக்கும் நியாயமில்லை. ஒரு பக்கத்தில் எழுத்தாக்கி இரு தரப்பும் கையொப்பமிடுங்கள்: எந்த ஓவியம், எந்த அல்பத்துக்கு, எந்த வடிவங்களில், வேறு அட்டைக்குக் கொடுக்கமாட்டேன் என்ற உறுதி, உங்கள் பெயர் எங்கே அச்சாகும், ரீசேட்டும் கொடியும் தனி விலை, கன்வஸ் தனி விலை, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். கடைசி வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கேட்டு வரையும் வேலை வரும்போது மேலே சொன்ன சட்டப் பிரிவிலிருந்து உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான். பாதிப் பணம் உடன்பட்ட அன்று, மீதி வந்தபின் பெரிய கோப்பு. பணம் வங்கிக்கு நேரடியாகவோ பயோனீர் என்ற இணையப் பணச் சேவை வழியாகவோ வரலாம். எந்த வழியானாலும் வங்கி கேட்டால் காட்ட ஒரு விலைப்பட்டியல் கையில் இருக்கட்டும்.

கன்வஸையும் வாங்கிக்கொண்டால் அனுப்பும் வேலை இருக்கிறது. மரச்சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பருத்த பிவிசி குழாயில் வையுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் வர்ணம் நசுங்கி வெடிக்கும். ஒயில் ஓவியத்தைச் சில மாதங்களாவது காயவிடாமல் சுருட்டவே கூடாது. குமிழித் தாளை வர்ணத்தின் மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள். ஒரு சித்திரை மாத வெயிலில் நான் அப்படி அனுப்பிய அக்ரிலிக் ஓவியம், ஓநாயின் முதுகு முழுவதும் வட்ட வட்டமாகத் தேமல் விழுந்ததுபோல் போய்ச் சேர்ந்தது. வர்ணத்தின் மேல் ஒட்டாத பேக்கிங் தாளை விரித்து, அதற்கு மேல் மற்றதைச் சுற்றுங்கள். சுங்கப் படிவத்தில் ‘கையால் வரைந்த ஓவியம்’ என்றும் 9701 என்ற வகைப்பாட்டு எண்ணையும் எழுதுங்கள். அலங்காரப் பொருள் என்று எழுதினால் வாங்குபவர் தேவையில்லாமல் தீர்வை கட்ட நேரிடும். ஒஸ்லோவில் உங்களுக்கு மாமனோ மச்சானோ இல்லாமல் இருக்கமாட்டார்கள். விடுமுறைக்கு வந்து திரும்பும்போது குழாயைக் கொண்டுபோகச் சொல்லலாம், ஆனால் அவரிடமும் விலைப்பட்டியலைக் கொடுத்து, விமான நிலையத்தில் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது ஓகஸ்ட். கச்சான் காற்று இன்னும் சில வாரம் அடிக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடையும் மழையும் தொடங்கினால் கன்வஸின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும், ஒயில் காய்வதும் மந்தமாகிவிடும். அதற்குள் ஹெல்லின் சிம்மாசனக் கரையை மட்டும் அழித்து எழுதி, முகில் மூடிய ஒரு காலையில் படம் எடுத்து, அவளை மட்டும் முதலில் அனுப்புங்கள். மற்ற மூன்றும் சட்டத்திலேயே இருக்கட்டும். பாம்பின் விரித்த படத்தை (தலைப்பகுதியை) மாற்றுவதற்காகச் சுரண்டும்போது அடியிலுள்ள பச்சை மிக நன்றாக இருக்கிறது, அதைச் சேர்த்துச் சுரண்டிவிடாதீர்கள்.